மூன்று ஆகையால்

குழி திறந்து இருபத்தாறு மணி நேரம் கழித்தே சென்னியப்பன் அதற்குள் இறங்கினார் என்று கிராம முன்சீப்பின் அறிக்கை சொன்னது. இறந்தவரின் பண்ணையாள் காத்தானைத் தூக்குக்கு அனுப்ப அந்த ஒரு கணக்கே போதும் போலிருந்தது.

அறிக்கையின் நகலை வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குச் சுவாமிநாதனின் மேசைமேல் வைத்தவள் ராஜம்மாள். திருச்செங்கோட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் பிரசவம் பார்க்கும் நர்ஸ். முன்சீப்பின் பேரனை அவள்தான் எடுத்தாள். தன் எழுத்தை நாலு பேர் படிக்க வேண்டும் என்பது முன்சீப்பின் ஆசை. கேட்டதும் கொடுத்துவிட்டார்.

"படிங்க ஐயா. இது கொலைதான், ஆனா அவங்க சொல்ற ஆள் இல்லை," என்றாள் ராஜம்மாள்.

"முதலில் கொலையா என்று பார்ப்போம்," என்றார் சுவாமிநாதன்.

அவர் சேலம் ஜில்லா கோர்ட்டில் இருபத்தெட்டு வருஷம் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். சாட்சிகள் தமிழில் சொன்னதை ஆங்கிலத்தில் எழுதுவது வேலை. எழுதி எழுதி, ஒருவர் சொல்லும் இரண்டு விஷயங்களுக்கு நடுவில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது பழக்கமாகிவிட்டது. ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பழக்கத்தைத் தேடி ஆட்கள் வந்தார்கள்.

இன்று வந்தவள் வாசலோடு நின்றுவிட்டாள். காத்தானின் மனைவி அங்கம்மாள். ஓடைக்காட்டூரிலிருந்து ஒன்பது மைல் நடந்து வந்திருந்தாள்.

"நாளைக்குப் பத்து மணிக்கு மாஜிஸ்திரேட்டுகிட்ட கொண்டு போறாங்களாமுங்க சாமி. போனா திரும்ப மாட்டாருன்னு ஊருல சொல்றாங்க. பதினெட்டு வருசமா அந்தப் பண்ணையத்துல இருக்கறாருங்க. பண்ணாடி மேல கை வெக்கற ஆளு இல்லீங்க."

"உள்ளே வந்து உட்காருங்க," என்று சொல்லிவிட்டு அவர் அறிக்கையைப் படித்தார்.

"செவ்வாய் காலை ஆறு மணிக்குச் சோளக்குழியைத் திறந்ததாகக் காத்தானே ஒப்புக்கொள்கிறான். சென்னியப்பன் புதன் காலை எட்டு மணிக்கு இறங்கினார். ஆகையால் குழிக்காற்றால் மரணம் நேரவில்லை. பிரேதத்தின் பின்மண்டையில் காயம் உள்ளது. ஆகையால் அடிபட்டே மரணம் நேர்ந்தது. அந்நேரம் களத்தில் காத்தானைத் தவிர யாருமில்லை. ஆகையால் அடித்தவன் காத்தானே. களத்தில் கிடந்தவை: கடப்பாரை, மண்வெட்டி, பாதாளக் கரண்டி, இறந்தவரின் இடுப்புத் தோல்வார் (பின்புறம் கிழிந்தது)."

நிலத்தில் தோண்டிய குழியில் சோளத்தைக் கொட்டி, வாயைக் கல்லும் மண்ணும் போட்டு அடைத்து மாதக்கணக்கில் வைப்பார்கள். உள்ளே காற்று கெட்டுவிடும். திறந்தவுடன் இறங்கினால் இரண்டு மூச்சில் ஆள் விழுந்துவிடுவான். அதனால் ஒரு பகலும் ஒரு இரவும் திறந்து போட்டு, லாந்தரைக் கயிற்றில் இறக்கி, அது அணையாமல் எரிந்தால்தான் இறங்குவது வழக்கம். அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் இது தெரியும்.

சுவாமிநாதன் மூன்று ஆகையாலுக்கு அடியிலும் பென்சிலால் கோடு போட்டார்.

"இதில் இவர் கண்ணால் பார்த்தது காயமும் சாமான்களும் மட்டும். மற்றதெல்லாம் இந்த மூன்று சொல் செய்த வேலை," என்றார். பிறகு அங்கம்மாளிடம், "செவ்வாய்க்கிழமை மழை உண்டா?" என்று கேட்டார்.

"பொழுது எறங்கறப்ப அரை மணி நேரம் அடிச்சு ஊத்துச்சுங்க. அதோட சரி."

"அன்று ராத்திரி உங்கள் வீட்டுக்காரர் வீட்டில் படுத்தாரா?"

அவள் தயங்கினாள். "குழி தொறக்கறது, காவலுக்குக் களத்துலயே படுத்துக்கறேன்னு சொல்லிட்டுப் போனாருங்க."

"களத்தில் பார்த்தீர்களா?"

"இல்லீங்க."

ராஜம்மாள் அவரைப் பார்த்தாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார்.

காவலறையில் காத்தான் சுவரோரம் குந்தியிருந்தான். நாற்பது வயதுக்கு நரை அதிகம். உள்ளங்கை இரண்டும் தோலுரிந்து சிவந்திருந்தன. ராஜம்மாள் கேட்காமலே கம்பிக்குள் கை நீட்டி மருந்து தடவினாள்.

"குழியை எப்போது திறந்தாய்?" என்றார் சுவாமிநாதன்.

"செவ்வாக்கெழம வெடியாலங்க."

"மழை வந்தபோது எதைப் போட்டு மூடினாய்?"

"மழையா?" என்றான் காத்தான். கொஞ்சம் பொறுத்து, "சோளத்தட்டு போட்டு மூடுனேனுங்க," என்றான்.

"பண்ணாடியை நீ அடித்தாயா?"

"இல்லீங்க."

"பிறகு எப்படிச் செத்தார்?"

காத்தான் காலை உள்ளே இழுத்துக்கொண்டான். பாத ஓரத்திலும் நகக்கண்ணிலும் கருஞ்சிவப்பாக ஒரு கறை ஏறியிருந்தது. இரண்டு நாள் ஆகியும் போகாத கறை.

வெளியே வந்ததும் ராஜம்மாள் மெதுவாகக் கேட்டாள். "ரத்தமா ஐயா?"

"நீங்கள் தினமும் ரத்தம் பார்க்கிறவர். நீங்கள்தான் சொல்ல வேண்டும்."

அவள் யோசித்தாள். "இல்லை. ரத்தம் காய்ஞ்சா கருத்துப் போயிரும். இது சாயம். நூல் நனைக்கிற தண்ணி தெருவுல ஓடுமே, அதை மிதிச்சா இப்படித்தான் புடிக்கும். ஆனா ஓடைக்காட்டூர்ல ஒரு தறிகூட இல்லையே."

"அவன் சொல்வதில் ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை," என்றார் சுவாமிநாதன். "குழியைப் புதன் காலையில்தான் திறந்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் கேஸ் கீழே விழுந்துவிடும். குழிக்காற்று என்று விட்டுவிடுவார்கள். அதைச் சொல்லாமல் தன் கழுத்துக்குக் கயிறு திரிக்கிறான்."

"உண்மையிலேயே செவ்வாய்க்கிழமை தொறந்திருந்தா?"

"போய்ப் பார்க்கலாம்."

வாடகை மாட்டு வண்டியில் மூன்று பேரும் ஓடைக்காட்டூர் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. களம் வீட்டுக்குப் பின்னால், காய்ந்த சோளத் தாள்களை அடுக்கிய தட்டுப் போருக்கு மறைவில் இருந்தது. செத்தவரின் தம்பி வெள்ளியங்கிரி குழி வாயருகே நின்று இரண்டு ஆட்களை அதட்டிக்கொண்டிருந்தார். கையில் மண்வெட்டியோடு அவர்கள் குழியை மூடத் தயாராக இருந்தார்கள்.

"எதுக்குங்க இந்த அவசரம்?" என்றாள் ராஜம்மாள்.

"கன்னுக்குட்டி உழுந்தா நீங்க வந்து எடுப்பீங்களா நர்ஸம்மா?" என்றார் வெள்ளியங்கிரி.

"கன்னுக்குட்டிக்கும் பிரசவம் பாத்திருக்கேன். கூப்புட்டா வருவேன்."

அங்கே நின்றிருந்த முன்சீப் தங்கசாமி சிரித்துவிட்டு, சாவு வீடு என்பது நினைவு வந்து, மேல்துண்டால் வாயைத் துடைத்தார். பழைய கோர்ட்டு மனிதர் தன் அறிக்கையைப் படித்தார் என்பதில் அவருக்குப் பெருமை. என்ன கேட்டாலும் சொல்லத் தயாராக இருந்தார்.

"உங்கள் அண்ணன் எதற்குத் தானே இறங்கினார்? கூலி ஆள்தானே இறங்குவது வழக்கம்?" என்று வெள்ளியங்கிரியிடம் கேட்டார் சுவாமிநாதன்.

"எங்கண்ணனா ஆளை உடுவாரு? குழியை அடைக்கறப்பச் சோளத்து மேல சாம்பல்ல குறி போட்டு வெப்பாரு. குறி கலையாம இருக்குதான்னு மொதல்ல அவரு எறங்கிப் பாக்கணும். அப்பறந்தான் அடுத்தவன். ஆரையும் நம்ப மாட்டாருங்க. நான் மணி பத்துன்னு சொன்னா, வெளிய போயி நெழலைப் பாத்துட்டு வருவாரு."

"உங்களுக்கும் அவருக்கும்?"

"கெணத்து மொறையில தகராறு. ஊருக்கே தெரியும். அதுக்காவ நான் அவரைக் கொல்லோணுமா? நான் வர்றப்பக் காத்தான் பொணத்துக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தான். நம்மளைக் கேக்கறீங்க."

சுவாமிநாதன் குழி வாயருகே மண்டியிட்டார். வாயைச் சுற்றிக் கல் வளையம் பதித்திருந்தது. ஓர் ஆள் நுழையும் அகலம். உள்ளே ஆறடி ஆழத்தில் சோளம் தெரிந்தது. அவர் கையை உள்ளே விட்டுக் கல்லின் அடிப்பக்கத்தைத் தடவினார். விரல்களை வெளியே எடுத்தபோது நரைத்த முடி இரண்டு ஒட்டியிருந்தது.

"முன்சீப் அவர்களே, நீங்களும் தொட்டுப் பாருங்கள். மேல் பக்கத்தில் ஏதாவது இருக்கிறதா?"

தங்கசாமி தொட்டுப் பார்த்தார். "மேல சுத்தமா இருக்குதுங்க. அடியிலதான்."

பிறகு சுவாமிநாதன் குழி வாயிலிருந்து தோண்டி ஒதுக்கிய மண் குவியலிடம் போனார். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கையாலேயே ஒதுக்கினார். உதவிக்கு வந்த ஆளை வேண்டாம் என்றார். கால் மணி நேரம் ஆயிற்று. அடியில் பழைய தரை தெரிந்ததும் நிமிர்ந்து, "குழியை மூடியதாகச் சொல்லும் நனைந்த தட்டு எங்கே?" என்று கேட்டார்.

யாருக்கும் தெரியவில்லை. சுற்றிலும் தேடினார்கள். போரிலிருந்து ஒரு கட்டுகூட உருவப்படவில்லை.

"நீங்கள் சென்னியப்பனைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?" என்று தங்கசாமியிடம் கேட்டார்.

"செவ்வாக்கெழம ராத்திரிச் சோத்து நேரத்துலங்க. சங்ககிரிக்கு ஒரு வேலையாப் போயிட்டு நனஞ்சுக்கிட்டு வந்தவரு, தலையத் துவட்டிட்டு நேரா என்ற ஊட்டுக்கு வந்தாரு. 'குழி தொறந்தாச்சு, வெடிஞ்சா சோளம் ஏத்த வண்டி வருது, அளக்கறப்ப நீ சாட்சிக்கு நிக்கோணும்'னாரு. வண்டிக்காரனுக்கும் அப்பவே ஆளனுப்புச்சாரு."

சுவாமிநாதன் அதைக் குறிப்பேட்டில் எழுதி, நேரத்துக்கு அடியில் கோடு போட்டார்.

ராஜம்மாள் வீட்டுக்குள்ளிருந்து அரை மணி நேரம் கழித்து வந்தாள். செத்தவரின் மனைவி சௌந்திரத்தோடு உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள். சுவாமிநாதனைப் போர் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனாள்.

"லாந்தர் சமையக்கட்டு ஆணியில தொங்குது. கண்ணாடி தொடச்சு, திரி வெட்டி, எண்ணெய் ஊத்தி ரெடியா இருக்கு. திரி வெள்ளையா இருக்கு, கொளுத்தவே இல்லை."

"நல்லது."

"இன்னொண்ணு. உரல்ல சுக்கும் திப்பிலியும் மணக்குது. புள்ளை பெத்தவளுக்கு இடிக்கிற மருந்து. ரெண்டு மூணு நாளைக்குள்ள இடிச்சது. இந்த ஊட்டுல ஆரு புள்ளை பெத்தது? நெய்ச் சட்டியும் காலி. கேட்டா அந்தம்மா பேச மாட்டேங்கறாங்க."

"மகள் உண்டா?"

"பாப்பாயி. போன வருஷம் குமாரபாளையத்துல நெசவு செய்யற பையன் ஒருத்தனைக் கட்டிக்கிட்டுப் போயிட்டா. வேற சாதி. ஊட்டுல அவ பேரை எடுக்கக்கூடாதுன்னு அப்பன் உத்தரவு. அவகிட்டயிருந்து சேதி கொண்டுவந்தவனைத் தேடிப் புடிச்சு அடிச்சாங்க." ராஜம்மாள் சட்டென்று நின்றாள். "ஐயா. சாயம்."

"ஆமாம்," என்றார் சுவாமிநாதன். "எல்லோரையும் களத்துக்குக் கூப்பிடுங்கள். அந்த அம்மாளையும்."

வேப்பமரத்தடியில் வெள்ளியங்கிரியும் தங்கசாமியும் கட்டிலில் உட்கார்ந்தார்கள். அங்கம்மாள் தரையில் உட்கார்ந்தாள். சௌந்திரம் வீட்டின் பின்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் முந்தானையை இழுத்துவிட்டிருந்தார்.

"முன்சீப் அவர்களின் அறிக்கையில் மூன்று ஆகையால் இருக்கிறது," என்று தொடங்கினார் சுவாமிநாதன். "நடுவில் இருப்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தலையில் காயம், ஆகையால் மரணம். அப்படியா? மேலே நிற்கும்போது அடித்திருந்தால் கல்லின் மேல் பக்கத்தில் அடையாளம் இருக்கும். முடி ஒட்டியிருப்பது அடிப்பக்கத்தில். உள்ளேயிருந்து மேலே வரும்போதுதான் தலை அங்கே இடிக்கும். ராஜம்மாள், பிரேதத்தைக் குளிப்பாட்டிய பெண்களிடம் நீங்கள் கேட்டீர்களே?"

"ரத்தமே வரலைன்னாங்க. துண்டுகூட நனையலையாம். உசிரோட இருக்கற தலையில அடிபட்டா அப்படி இருக்காது."

"தோல்வார் பின்புறம் கிழிந்திருக்கிறது. பக்கத்தில் கிணற்றில் விழுந்த வாளியைக் கொக்கியால் மாட்டி எடுக்கும் பாதாளக் கரண்டி கிடந்தது. காத்தானின் உள்ளங்கை கயிறு இழுத்து உரிந்திருக்கிறது. அவர் உள்ளே விழுந்து கிடந்தார். இறங்கினால் தானும் சாவோம் என்று காத்தானுக்குத் தெரியும். கரண்டியை வீசி வாரில் மாட்டித் தனியாளாக இழுத்தான். காயம் பட்டதால் அவர் சாகவில்லை. செத்ததால் இழுக்கப்பட்டார், இழுத்ததால் காயம் பட்டது."

அங்கம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அப்பக் குழிக்காத்துங்கறீங்க," என்றார் தங்கசாமி. "ஒரு நாள் தொறந்து கெடந்த குழியில காத்து ஏதுங்க?"

"அதுதான் முதல் ஆகையால். இங்கே வந்து பாருங்கள்."

மண்ணை ஒதுக்கிய இடத்தைக் காட்டினார். தரையில் அம்மைத் தழும்பு போல மழைத்துளிகள் குத்திய குழிகள் நெருக்கமாக இருந்தன.

"செவ்வாய் சாயங்காலம் பெய்த மழை இந்தத் தரையில் விழுந்திருக்கிறது. காலையிலேயே மண்ணை இங்கே கொட்டியிருந்தால் துளி குவியலின் மேல் விழுந்திருக்கும், அடியில் விழுந்திருக்காது. ஆக, மழைக்குப் பிறகுதான் குழி திறந்தது. புதன் விடிந்த பிறகு. சென்னியப்பன் இறங்கியபோது திறந்து இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது. காத்தான் சாக்கு எடுக்கவோ ஏணி எடுக்கவோ போன நேரத்தில் அவர் வந்து இறங்கிவிட்டார்."

வெள்ளியங்கிரி எழுந்துவிட்டார். "அப்ப அந்த நாயி பொய் சொல்லி எங்கண்ணனை எறக்கி உட்ருக்கறான். நேத்தே தொறந்துட்டேன்னு சொல்லிக் கொன்னுட்டான்."

"உட்காருங்கள். நீங்கள்தான் சொன்னீர்கள், உங்கள் அண்ணன் யாரையும் நம்ப மாட்டார் என்று. காத்தான் சொல்லியிருந்தால் லாந்தரை இறக்கிப் பார்த்திருப்பார். லாந்தர் தயாராக இருந்தது. அவர் அதை எடுக்கக்கூட இல்லை. அது மட்டுமில்லை. குழி திறந்தாச்சு என்று செவ்வாய் ராத்திரியே முன்சீப்பிடம் வந்து சொல்லியிருக்கிறார். அப்போது காத்தான் ஊரிலேயே இல்லை. மழை பெய்ததே அவனுக்குத் தெரியாது. அவன் போன இடத்தில் மழை இல்லை. சாயத்தண்ணீர் ஓடும் தெருவில் நடந்து, ராத்திரியெல்லாம் நடந்து, விடிகாலையில் வந்து அவசரமாகக் குழியைத் திறந்திருக்கிறான்."

"எங்கீங்க போனாரு?" என்றாள் அங்கம்மாள்.

சுவாமிநாதன் அறிக்கையை மறுபடி கையில் எடுத்தார்.

"மூன்றாவது ஆகையால் மிச்சம். களத்தில் காத்தான் மட்டும் இருந்தான், ஆகையால் அவன்தான் காரணம். இந்தச் சாவுக்குக் காரணம் களத்தில் இல்லை. முந்தின ராத்திரி யாரோ சொன்ன ஒரு வார்த்தையில் இருக்கிறது. சொன்னவருக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. காத்தான் எங்கே போனான் என்ற கேள்வி வரக்கூடாது என்று நினைத்திருக்கலாம். நனைந்து வந்த மனிதர் அந்த ராத்திரியிலேயே வண்டிக்குச் சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்திருக்க முடியாது. எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கிற மனிதர், ஒரே ஒருவர் சொன்னதை மட்டும் விளக்கில்லாமல் நம்பினார். காத்தான் வாயைத் திறக்க மாட்டான். ஒரு பெண்ணின் வீட்டுக்கு ஆபத்து வரும் என்று பயப்படுகிறான். நான் சொன்னால் அது என் யூகம். மாஜிஸ்திரேட் யூகத்தை எழுதிக்கொள்ள மாட்டார். நாளைக்குப் பத்து மணிக்கு அவனைக் கொண்டுபோகிறார்கள்."

வெள்ளியங்கிரி களத்தைப் பார்த்தார், முன்சீப்பைப் பார்த்தார், கடைசியில் பின்வாசலைப் பார்த்தார். அவர் முகம் மாறுவதை ராஜம்மாள் கவனித்தாள். எழுந்து போய் சௌந்திரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

அங்கம்மாள் தரையிலிருந்து எழுந்திருக்காமலே அந்தப் பக்கம் திரும்பினாள்.

"பண்ணாடிச்சி," என்றாள்.

சௌந்திரம் முந்தானையை முகத்திலிருந்து விலக்கினார். மைத்துனரை நேராகப் பார்த்தார்.

"பாப்பாயிக்குப் பொம்பளப்புள்ளை ஒண்ணுங்க. பொறந்து ஒம்பது நாளாச்சு. மருந்தும் நெய்யும் குடுத்துக் காத்தானை நான்தான் அனுப்புனேன். புள்ளை மேல சத்தியம் வாங்கிட்டு அனுப்புனேன். அவரு வந்து தலையத் துவட்டிக்கிட்டே கேட்டாரு." அவர் நிலையை விட்டுக் கையை எடுத்தார். "குழி தொறந்தாச்சுன்னு சொன்னது நானுங்க."